நெருப்பு செய்துவந்த வேலைகள்: புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் சிகரெட், ஒரு நிகழ்வு ஆய்வு

1988 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 'பிரீமியர்' என்ற புதுவகைச் சிகரெட்டைச் சோதனை விற்பனைக்கு வைத்தது. செயின்ட் லூயிஸ், டூசான், ஃபீனிக்ஸ் என்று மூன்று நகரங்கள் (இது அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே நம்மவர்கள் வாழும் ஃபீனிக்ஸ் இல்லை). பார்வைக்குச் சாதாரண சிகரெட்தான். ஆனால் அதிலிருந்து வாய்க்கு வந்தது எரிந்த புகையிலையின் புகை இல்லை, சூடேறிய புகையிலைச் சாற்றின் ஆவி. முப்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்து உருவாக்கிய அந்தப் பொருளை, அடுத்த ஆண்டு தொடங்கிய சில மாதங்களுக்குள் நிறுவனமே கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது.

நான் டர்பனில் தொழில்துறை வடிவமைப்பு கற்பிக்கிறவன். தோற்றுப்போன பொருள்களிலிருந்துதான் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால் பிரீமியர் என் வகுப்பில் தவறாமல் இடம்பெறும். அதே வழியில் வந்த இக்காலக் கருவி ஒன்று டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் என் பெரியப்பா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் அதை வாங்கியவர் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை. பிறகு அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரே வகைக் கருவி, ஒரே குடும்பம். மகன் சிகரெட்டை விட்டுவிட்டார், தகப்பனால் முடியவில்லை. இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் காரணம் வேதியியலில் கிடைக்கவில்லை. இருவரும் இழுத்தது ஒரே ஆவியைத்தான். சிகரெட்டின் நெருப்பு சூடு தருவதோடு வேறு பல வேலைகளையும் செய்துவந்தது. நெருப்பை அகற்றிய பொறியாளர்கள் அந்த வேலைகளில் சிலவற்றை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தார்கள், சிலவற்றைக் கவனிக்காமலே விட்டார்கள். விடுபட்டவை எவை என்று தேடினால் சாட்ஸ்வொர்த் வீட்டில் நடந்தது விளங்குகிறது.

ஏன் எரிக்கக் கூடாது

சிகரெட்டின் கங்கு, இழுக்கும்போது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் இலை சிதைந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களாக மாறுகிறது. தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. புகைப்பவரின் உடல் கேட்பதோ நிக்கோடினை. அது இலையிலிருந்து ஆவியாக வெளியேற 250 டிகிரியே போதும். மனிதர்கள் நிக்கோடினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரினால் சாகிறார்கள் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976இல் எழுதினார். எரிக்காமல் சூடாக்கும் முயற்சிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு வாக்கியம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகையிலையின் நஞ்சு முழுவதும் நெருப்பிலிருந்து வருவதில்லை. நைட்ரோசமின் வகைச் சேர்மங்கள் இலையைப் பதப்படுத்தும்போதே அதில் உருவாகிவிடுகின்றன. சூட்டைக் குறைத்தால் அவை ஆவியில் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. நிக்கோடினும் அடிமைப்படுத்தும் பொருள்தான். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும்.

கரித்துண்டும் அலுமினியக் குப்பியும்

பிரீமியரைப் பிரித்துப் பார்த்தால் முனையில் ஒரு சிறு கரித்துண்டு இருக்கும். அதற்குப் பின்னால் மெல்லிய அலுமினியக் குப்பி. குப்பிக்குள் அலுமினா மணிகள், மணிகளின் மேல் கிளிசரினும் புகையிலைச் சாறும். குப்பியைச் சுற்றிக் கொஞ்சம் புகையிலை. கரியைப் பற்றவைத்து இழுத்தால் சூடான காற்று குப்பிக்குள் நுழைந்து மணிகளின் மேலிருப்பதை ஆவியாக்கும். அது குளிர்ந்து வெண்புகைபோல வாய்க்கு வரும். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: எரிவது கரி, மணப்பது அதன் மேல் தூவியது.

பொறியியலாகப் பார்த்தால் அழகான தீர்வு. ஆனால் தீக்குச்சியால் பற்றவைத்தவர்களுக்குக் கந்தக நெடி தாங்க முடியாததாக இருந்தது. வாயு லைட்டர்தான் வேண்டும் என்று வாங்குகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கன்னம் குழிய இழுத்தால்தான் ஆவி வந்தது. சுவை பலருக்குப் பிடிக்கவில்லை. கரி எரிவதால் கார்பன் மோனாக்சைடும் போகவில்லை. மருத்துவர் அமைப்புகளோ, இது சிகரெட்டே இல்லை, நிக்கோடினைச் செலுத்தும் சாதனம், மருந்தாகக் கருதிக் கட்டுப்படுத்துங்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தன.

சுவையையும் விலையையும் காரணம் காட்டி இந்தத் தோல்வியை விளக்குகிறவர்கள் அதிகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு குறை. பிரீமியர் குறுகவில்லை. கரி அணைந்த பிறகும் அது முழு நீளத்தோடு விரலிடையில் இருந்தது. தட்டுவதற்குச் சாம்பல் இல்லை. முடிந்துவிட்டதா, இன்னும் இரண்டு இழுப்பு மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. சாதாரண சிகரெட் ஒரு கடிகாரம். எவ்வளவு போயிற்று, எவ்வளவு பாக்கி என்பதைப் புகைப்பவர் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தேநீர் இடைவேளை அந்த அளவில்தான் முடிகிறது, பேச்சும் அந்த அளவில்தான் முடிகிறது. பிரீமியரை வரைந்தவர்கள் நெருப்பைச் சூடு தரும் மூலமாக மட்டுமே பார்த்தார்கள்.

இதே நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்த 'எக்ளிப்ஸ்' அந்தக் கரிமுனையைக் கண்ணாடி இழையால் போர்த்தியது. அந்த இழைத்துகள் நுரையீரலுக்குள் போகுமா என்ற கேள்வி எழுந்தது. அதுவும் பெரிதாகப் பரவவில்லை.

1998இல் ஃபிலிப் மாரிஸ் வேறு வழியில் போனது. 'அக்கார்ட்' என்ற அதன் கருவி, அந்நாளைய பேஜர் அளவுள்ள மின்கலப் பெட்டி. அதற்கென்றே செய்த குட்டையான சிகரெட்டை அதில் செருக வேண்டும். இழுக்கும்போது மட்டும் சூடாகும் எட்டுத் தகடுகள் உள்ளே இருந்தன. எத்தனை இழுப்பு பாக்கி என்பதைப் பெட்டியின் சிறு திரை காட்டியது. கடிகார வேலையை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்து இழுக்க வேண்டும். பொது இடத்தில் அப்படிச் செய்ய யாருக்கு மனம் வரும்? 2006இல் அதையும் நிறுத்தினார்கள்.

350 டிகிரி

2014இல், அதே ஃபிலிப் மாரிஸிலிருந்து பிரிந்து தனி நிறுவனமான ஃபிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல் ஜப்பானின் நகோயாவிலும் இத்தாலியின் மிலானிலும் 'ஐகோஸ்' கருவியை அறிமுகப்படுத்தியது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் 'குளோ' 2016இல் ஜப்பானின் செண்டாயில் வந்தது. அது இன்னும் குறைந்த சூட்டில், 240 டிகிரியை ஒட்டி வேலை செய்யும். இவ்வகைக் கருவிகள் தென்னாப்பிரிக்காவின் பேரங்காடிகளுக்கும் வந்துவிட்டன.

ஐகோஸின் தொடக்கக் கருவியில் பேனா தடிமனுள்ள ஒரு பிடி, அதற்குள் ஒரு மெல்லிய பீங்கான் தகடு. தகட்டின் மேல் உலோகக் கோடு ஓடுகிறது. அதில் மின்சாரம் பாயும்போது தகடு சூடாகிறது. அந்தக் கோட்டின் மின்தடை சூட்டோடு மாறுவதால், கருவி அதை அளந்தே வெப்பநிலையைத் தெரிந்துகொள்கிறது. சூடாக்கியும் வெப்பமானியும் ஒன்றே. 350 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு உற்சாகம் வருகிறது. இந்தத் தொழில் எதை விற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது, ஆனாலும் இது நேர்த்தியான வேலை.

அந்தத் தகட்டில் செருகிப் பயன்படுத்திய புகையிலைக் குச்சி ஒன்றை மேசைமேல் வைத்துச் சவரத்தகட்டால் நீளவாக்கில் பிளந்து மாணவர்களுக்குக் காட்டினேன். மொத்த நீளம் 45 மில்லிமீட்டர். அதில் புகையிலை 12 மில்லிமீட்டர்தான். அதுவும் நறுக்கிய இலை இல்லை. இலையைத் தூளாக்கி, கிளிசரின் சேர்த்துத் தாள்போல வார்த்து, சுருக்கி மடித்த பொருள். அடுத்து நடுவில் துளையுள்ள சிறு குழாய். அதற்கடுத்து ஆவியைக் குளிர்விக்கும் நெகிழித்தாள் சுருள். கடைசியில் வாய்முனை வடிகட்டி. தகடு செருகிய பிளவின் ஓரம் கருத்திருந்தது. அங்கிருந்து வெளிப்புறம் போகப் போக நிறம் காபிப் பழுப்பாகவும், காகிதத்தை ஒட்டி வெளிர்பழுப்பாகவும் மாறியது. ஒரே குச்சிக்குள் சூடு ஒரே அளவாக இருப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. நெகிழிச் சுருளின் புகையிலைப் பக்கம் லேசாகச் சுருங்கி மஞ்சள் பூத்திருந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள் 2018இல் இதைத்தான் கவனித்து எழுதினார்கள்: தகட்டைத் துடைக்காமல் பயன்படுத்தினால் புகையிலை கூடுதலாகக் கருகுகிறது, நெகிழித்தாள் உருகும்போது நச்சுப்பொருள் ஒன்றும் வெளியேறுகிறது.

கடிகார வேலைக்கு இதில் என்ன செய்தார்கள்? ஆறு நிமிடம் அல்லது 14 இழுப்பு, எது முதலில் வருகிறதோ அதோடு கருவி நின்றுவிடும். முடிவதற்குச் சற்று முன்பு பிடி அதிரும். பிரீமியரில் விடுபட்டது இங்கே திரும்ப வந்துவிட்டது. கை வாய்க்குப் போய்வரும் பழக்கத்தையும், உதட்டில் படும் வடிகட்டியின் மென்மையையும், வாய் நிறைய வெளியே விடும் வெண்ணிற ஆவியையும் காப்பாற்றிக்கொண்டார்கள். முதல் கருவிகளில் ஒரு குச்சி முடிந்ததும் பிடியைப் பெட்டிக்குள் வைத்துச் சில நிமிடம் மின்னேற்ற வேண்டும். அடுத்தடுத்து ஊத முடியாது. பிறகு வந்த மாதிரிகளில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். வணிகத்துக்கு அது நல்லது. ஆனால் புகைப்பவருக்கு உதவக்கூடிய ஒரே தடையையும் எடுத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்.

இந்த வரலாற்றில் ஒரு கிளைக்கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்த ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் என்ற இரண்டு மாணவர்கள், இருவருமே புகைப்பவர்கள், 2005இல் இதையே பட்ட மேற்படிப்புத் திட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 'புளூம்' வந்தது; தொடக்க மாதிரி சிறு பியூட்டேன் சுடரால் சூடாகும். அந்தப் பெயரை 2015இல் ஜப்பான் டொபாக்கோ எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட 'ஜூல்', நிக்கோடின் திரவத்தை ஆவியாக்கும் மின்சிகரெட். 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின்சிகரெட் பயன்படுத்துகிறவர்களாக இருந்தார்கள். புகைப்பவருக்காக ஒரு கருவியை எளிதாக்கினால், புகைக்காதவருக்கும் அது எளிதாகிவிடுகிறது. என் மாணவர்களிடம் நான் மிகுந்த நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். அவர்களில் பலர் பதினெட்டு வயதுக்காரர்கள்.

எவ்வளவு குறைகிறது

2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, ஐகோஸின் ஆவியில் சாதாரண சிகரெட்டில் உள்ளதில் 84 சதவீத நிக்கோடின் இருந்ததாகச் சொல்கிறது. நச்சுப்பொருள்களில் பல வெகுவாகக் குறைந்தன, சில அவ்வளவாகக் குறையவில்லை. 2020 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு விளம்பர வாசகத்துக்கு அனுமதி கொடுத்தது: சிகரெட்டிலிருந்து முழுமையாக மாறினால் உடலில் சேரும் தீய வேதிப்பொருள்களின் அளவு கணிசமாகக் குறையும் என்பது அதன் சாரம். நோய் ஆபத்து குறையும் என்று சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டதை நிர்வாகம் மறுத்துவிட்டது.

'முழுமையாக' என்ற சொல்தான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. கருவியை வாங்கிவிட்டு சிகரெட்டையும் தொடர்கிறவருக்கு என்ன கிடைக்கும்? 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது இது: நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி அவருக்கும் உண்டு. இருபதைப் பத்தாக்கினேன் என்பது இதயத்தின் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே இந்தக் கருவியின் வடிவமைப்பை ஒரே கேள்வியால்தான் மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்: கடைசிச் சிகரெட்டும் கையை விட்டுப் போகிறதா?

சாட்ஸ்வொர்த் வீடு

பெரியப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழு வாழிடச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்து எறிந்தபோது சிறுவனாகச் சாட்ஸ்வொர்த் வந்தவர். தென் டர்பன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். புகைப்பழக்கம் பதினாறு வயதில் தொடங்கியது.

அவர் பெரும்பாலும் பெட்டியாக வாங்குவதில்லை. தெருமுனை டக் ஷாப் என்ற சிறு பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாகத்தான் வாங்குவார். கம்பி வலைக்குப் பின்னால் கடைக்காரர். வலையில் நூலால் கட்டித் தொங்கும் ஒரு லைட்டர். சில்லறையை உள்ளே நீட்டினால் ஒரு சிகரெட் வெளியே வரும். நின்ற இடத்திலேயே பற்றவைத்துக்கொண்டு திரும்பினால் அங்கே மூன்று நான்கு கூட்டாளிகள் இருப்பார்கள். ஒருவர் கங்கிலிருந்து இன்னொருவர் பற்றவைப்பார். கையில் காசில்லாதவருக்குப் பாதி கிடைக்கும். பஸ் வந்துவிட்டால் சுவரில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறலாம்.

நெருப்பு செய்த வேலைகளை இங்கேதான் எண்ணிப் பார்த்தேன். பகிர்ந்துகொள்ளலாம். பாதியில் அணைக்கலாம், மறுபடி பற்றவைக்கலாம். மின்சாரம் வேண்டாம். அன்றைய கைக்காசுக்கு ஏற்றபடி ஒன்றே ஒன்றும் வாங்கலாம்.

அண்ணன் அனுப்பிய கருவியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குச்சி இருபதுள்ள பெட்டியாகத்தான் கிடைக்கும். அதுவும் தெருமுனையில் இல்லை, பேரங்காடியில். கூட்டாளி ஒருவருக்கு ஒரு குச்சியை நீட்டிப் பயனில்லை. கருவி இல்லாதவருக்கு அது வெறும் அட்டைச்சுருள். சூடேறிய குச்சியை நடுவில் நிறுத்திவிட்டு மாலையில் தொடர முடியாது. பேச்சு சூடு பிடிக்கும்போது கருவி அதிர்ந்து, நேரமாயிற்று என்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் நாடே மின்வெட்டில் தவித்ததை நாம் மறக்கவில்லை. ஒரு நாளில் பல மணி நேரம் விளக்கில்லாத வீட்டில் அலைபேசிக்கே மின்னேற்ற வழியில்லாதபோது இதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? கருவி அணைந்து கிடக்கும். டக் ஷாப்பில் லைட்டர் நூலில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

டர்பனின் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டது. திறந்து வைத்த பெட்டியிலுள்ள குச்சிகள் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டன. ஈரமான குச்சியில் முதல் இழுப்பு நீராவியாக நாக்கைச் சுடும்.

சில வாரங்களில் அவருடைய பழக்கம் ஒரு வடிவத்துக்கு வந்தது. வீட்டுக்குள், பெரியம்மாவின் எதிரில் கருவி. வெளியே, கூட்டாளிகளோடு சிகரெட். சிகரெட்டின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது, நிக்கோடின் குறையவில்லை. முன்பு வீட்டுக்குள் ஊதாதவர் இப்போது வீட்டுக்குள்ளும் ஊதினார். கருவி ஒரு பழக்கத்தை நீக்காமல் இன்னொன்றைச் சேர்த்தது.

அண்ணன் கதை வேறு. அவர் ஜொகன்னஸ்பர்க்கில் கணினி வேலை செய்கிறார், அடுக்குமாடி வீடு. தனியாகப் பால்கனியில் நின்றுதான் எப்போதும் புகைப்பார். பகிர்வதற்கு யாரும் இல்லை, பாதியில் அணைக்க வேண்டிய தேவையும் இல்லை. மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்குவார். ஆறு நிமிடம் என்பது இரண்டு கூட்டங்களுக்கு இடையில் கச்சிதமாகப் பொருந்தும். மனைவி கருவுற்றிருந்தபோது சட்டையில் சிகரெட் வாடை இல்லாமல் போனது அவருக்குப் பெரிய காரணம். நெருப்பின் வேலைகளில் அவருக்குத் தேவைப்பட்டவை மூன்றோ நான்கோதான், அவை எல்லாம் கருவியில் இருந்தன. அவர் போன்றவரை மனத்தில் வைத்துத்தான் அதை வரைந்திருக்கிறார்கள்.

இங்கே காவடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய நாள் முதல் பத்து நாள் பெரியப்பா விரதம். இறைச்சி இல்லை, மது இல்லை, சிகரெட்டும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று பெரியம்மா சொல்கிறார். நாளுக்கு இருபது பிடிப்பவர் பத்து நாள் ஒன்றுகூடத் தொடாமல் எப்படி இருக்கிறார்?

"பத்து நாள் எப்படிப் போகிறது, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"முதல் மூன்று நாள் தலை வெடிக்கும், தம்பி. ஆனால் அந்தப் பத்து நாளும் ஒருவரும் என்னிடம் நீட்டமாட்டார்கள். நானே கேட்டாலும் திட்டி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரருக்கும் தெரியும்."

பாதியாகக் குறைப்பதைவிட முழுதாக நிறுத்துவது அவருக்கு எளிது. சுற்றியிருப்பவர்களும் சேர்ந்து நிறுத்தினால் இன்னும் எளிது. சூடேற்றும் கருவி இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அது ஒரு தனிமனிதரிடம், கூட்டத்திலிருந்து விலகி நின்று சிறிது சிறிதாக மாறு என்கிறது. பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு அந்த வழி பொருந்தாது என்றே நான் முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நாட்டின் பங்கு

2020 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க நிதியமைச்சர் வரவுசெலவு உரையில் சூடேற்றும் புகையிலைக்குச் சிகரெட் வரியில் 75 சதவீதம் என்று புது வரி அறிவித்தார். எடுத்துக்காட்டாக அவர் சொன்னது 'ஹப்ளி பப்ளி' என்னும் ஹூக்காவை! கேட்டவர்கள் பலர் அதைத் தவறு என்று நினைத்தார்கள். இயற்பியலாகப் பார்த்தால் முழுத் தவறு இல்லை. ஹப்ளியில் அலுமினியத் தாளுக்கு மேல் எரிவது கரி. கீழே வெல்லப்பாகும் கிளிசரினும் கலந்த புகையிலை சூடாகத்தான் செய்கிறது. பிரீமியரின் தத்துவமும் அதுவே. ஆனால் அந்தக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். சனிக்கிழமை இரவுகளில் நம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஹப்ளி இழுக்கிறார்களே, அவர்களிடம் 'இது எரிவதில்லை, சூடாகிறது' என்று யாராவது சொன்னால் அது அறிவியல்படி சரியாகவும் உடலுக்குக் கேடாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். சூடா, எரிவா என்பதைவிட, மூச்சில் என்ன சேர்கிறது என்று கேட்பதே முறை.

அந்த உரைக்கு அடுத்த மாதம் பெருந்தொற்று ஊரடங்கு வந்தது. 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை புகையிலை விற்பனைக்குத் தடை. எரிவது, சூடாவது, மின்சிகரெட் என்ற வேறுபாடு அதில் இல்லை. சிகரெட் தெருவில் பல மடங்கு விலைக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. பேரங்காடியை நம்பிய குச்சிகளோ கிடைக்கவில்லை. அப்போதே கருவிக்கு மாறத் தொடங்கியிருந்த அண்ணன் அந்த மாதங்களில் மறுபடியும் சிகரெட்டுக்குப் போனார். நல்ல நோக்கத்தோடு வந்த தடைதான். ஆனாலும் நஞ்சு குறைந்த பொருள் அதிகத் தடையையும், நஞ்சு மிகுந்த பொருள் குறைந்த தடையையும் சந்தித்தன. கட்ட வேண்டிய வரியைவிடக் குறைந்த விலைக்கு இன்றும் சிகரெட் பெட்டி விற்கும் நாடு இது. அந்தப் போட்டியில் எந்தக் கருவி வெல்லும்?

1993ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு புதிய மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சூடேற்றும் கருவிகளையும் மின்சிகரெட்டையும் சிகரெட்டோடு சேர்த்து ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருவதும், நிறுவனச் சின்னமில்லாத எளிய உறையும், கடையில் காட்சிக்கு வைப்பதற்குத் தடையும் அதில் உள்ளன. இளையோரைக் காக்க இவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு வயதுவந்தோரில் 29.4 சதவீதம் பேர், ஆண்களில் மட்டும் 41.7 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். அவர்களுக்கு வெளியேறும் வழியை யார் காட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வடிவமைப்பில் இல்லாதது

இவ்வாண்டு மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் சூட்டையும் தகட்டையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பகுதி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. இந்தப் பொருளிலிருந்து ஒருவர் இறங்கிப் போகும் படியை வரையுங்கள் என்று கேட்டேன். நிக்கோடின் மெல்லும் பசை 4 மில்லிகிராமிலும் 2 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. முதலில் பெரியது, பிறகு சிறியது. தோலில் ஒட்டும் பட்டையிலும் அளவு படிப்படியாகக் குறையும். சூடேற்றும் குச்சிப் பெட்டிகளோ பெரும்பாலும் சுவையில்தான் வேறுபடுகின்றன. உள்ளே நுழைய மிக நுணுக்கமாக வாசல் செய்தவர்கள் வெளியே போக ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாணவி, வாரந்தோறும் சூட்டின் உச்சத்தைத் தானே சிறிது குறைத்துக்கொண்டு போகும் கருவியை வரைந்தாள். இன்னொரு குழு, இரண்டு குச்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை மெல்ல நீட்டும் மின்னேற்றுப் பெட்டியைக் காட்டியது. இரண்டும் செய்யக்கூடியவை. தகட்டின் சூட்டை இவ்வளவு துல்லியமாக ஆளத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான வேலை இல்லை.

பெரியப்பா இந்த ஆண்டு காவடி முடிந்த மறுநாள் சிகரெட்டுக்குத் திரும்பவில்லை. மருத்துவர் சொல்லி 4 மில்லிகிராம் பசையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விரதம் இன்னும் முடியவில்லை என்று கூட்டாளிகளிடம் பெரியம்மாவே போய்ச் சொன்னார். அவர்களும் நீட்டுவதில்லை. முழுதாக விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் வாரக்கடைசியில் ஒன்று இரண்டு இன்னும் உண்டு. அவருடைய கருவியை அண்ணனே திரும்ப எடுத்துக்கொண்டார்.

அண்ணன் சிகரெட்டைத் தொட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. குச்சியோ, நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து குறையவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில், இதற்கு அடுத்த படி எது என்று கேட்டார். கருவியோடு வந்த கையேட்டை முழுதும் புரட்டிப் பார்த்தேன், அதில் அப்படி ஒரு பக்கம் இல்லை. அப்பாவுக்குப் பசை எழுதிக்கொடுத்த மருத்துவரின் எண்ணை அவருக்கும் அனுப்பினேன்.